குறைந்தபட்ச இணைப்பு நேரம்

குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்பது, ஒரு வானூர்தியில் வந்திறங்கும் பயணி அதே நிலையத்திலிருந்து புறப்படும் வேறொரு வானூர்தியில் ஏறுவதற்குத் தேவை என வரையறுக்கப்பட்டுள்ள மிகக் குறைந்த கால அளவு ஆகும். முதல் வானூர்தி வந்து சேரவேண்டிய அட்டவணை நேரத்திலிருந்து அடுத்த வானூர்தி புறப்படவேண்டிய அட்டவணை நேரம் வரை இது கணக்கிடப்படுகிறது. இந்த அளவு நிலையத்துக்கு நிலையம் மாறுபடும். ஒரே நிலையத்திலும் முனையத்துக்கு முனையம், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம்.

சென்னையிலிருந்து வட அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரும்பாலான நகரங்கள், ஆத்திரேலியா ஆகிய இடங்களுக்குச் செல்வோர் துபாய், தோகா, அபுதாபி, சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, பிராங்க்பர்ட், இலண்டன், தில்லி, மும்பை போன்ற ஏதேனும் ஓர் இடைநிலையத்தில் வானூர்தி மாறியே செல்கின்றனர். எனவே தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்களிலிருந்து வெளிநாடு செல்லும் மாணவர்களும் பணியாளர்களும் இக்கருத்துருவை அறிந்திருத்தல் பயன்தரும். இணைப்பு தவறும்போது ஏற்படும் இழப்பு, பயணி எவ்வளவு விரைவாக நடந்தார் என்பதைவிட, அவரிடம் இருப்பது ஒரே பயணச்சீட்டா தனித்தனிச் சீட்டுகளா என்பதையே பெரிதும் பொறுத்துள்ளது.

சொல் விளக்கம்

பறப்பு என்பது ஒரு வானூர்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும் ஒரு தனிப் பயணத்தைக் குறிக்கும். வானூர்தி மாறவேண்டிய இரண்டாவது பறப்பு இணைப்புப் பறப்பு எனப்படும். இரு பறப்புகளுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு இடைத்தங்கல் எனப்படும். பன்னாட்டுப் பயணத்தில் 24 மணிநேரத்துக்கு உட்பட்ட காத்திருப்பு பொதுவாக இடைத்தங்கலாகவும், அதற்கு மேற்பட்டது பயண முறிவாகவும் கருதப்படுகிறது. கட்டணக் கணக்கீட்டில் இவ்வேறுபாடு முக்கியமானது.

பி.என்.ஆர் எனும் பதிவெண்ணும் பயணச்சீட்டு எண்ணும் ஒன்றல்ல. ஒரே இணையத்தளத்தில் ஒரே நேரத்தில் பணம் செலுத்தியிருந்தாலும், இரு பறப்புகளுக்கும் தனித்தனிப் பயணச்சீட்டு எண்கள் வழங்கப்பட்டிருக்கலாம். இவ்வாறான பயணங்கள் "தன்மாற்றம்" என்று சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இதன் பொருள், மாறிச் செல்லும் பொறுப்பு முழுவதும் பயணியுடையது என்பதாகும்.

வரையறுக்கப்படும் முறை

குறைந்தபட்ச இணைப்பு நேரம் நான்கு வகைகளாகப் பிரித்துக் குறிக்கப்படுகிறது:

- உள்நாட்டிலிருந்து உள்நாடு
- உள்நாட்டிலிருந்து பன்னாடு
- பன்னாட்டிலிருந்து உள்நாடு
- பன்னாட்டிலிருந்து பன்னாடு

ஒவ்வொரு நிலையத்துக்கும் பொதுவான அளவுகள் உள்ளன. முனையங்களுக்கு இடையிலான தொலைவு, பாதுகாப்புச் சோதனை, இமிகிரேசன் எனப்படும் குடிவரவுச் சோதனை, பயண உடைமைகளை ஒரு வானூர்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஆகும் நேரம் ஆகியவை இவற்றைத் தீர்மானிக்கும் காரணிகள். இவ்வளவுகளுக்கு விதிவிலக்காக, வானூர்தி நிறுவனங்கள் தமது குறிப்பிட்ட பறப்புகளுக்குக் கூடுதலான அல்லது குறைவான நேரத்தைப் பதிவு செய்யலாம். 1929 முதல் வானூர்தி அட்டவணைகளை வெளியிட்டு வரும் ஓ.ஏ.ஜி நிறுவனம் இத்தரவுகளைத் தொகுத்து வழங்குகிறது. முன்பதிவுக் கணினிகள் இத்தரவுகளைப் பயன்படுத்தி, வரையறைக்குக் குறைவான இணைப்புகளை ஒரே பயணச்சீட்டில் விற்பதைத் தவிர்க்கின்றன.

வானூர்தி மாற்றத்தை மையமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட நிலையங்களில் இந்நேரம் மிகக் குறைவாக இருக்கும். வியன்னா நிலையம் 25 நிமிடங்களையும், அதைவிடப் பெரிய பிராங்க்பர்ட் நிலையம் 45 நிமிடங்களையும் தமது குறைந்தபட்ச அளவாக அறிவித்து வந்துள்ளன.

இந்த அளவு வசதியான நேரத்தைக் குறிப்பதன்று. எல்லாம் அட்டவணைப்படி நடந்தால் இணைப்பு இயலும் என்பதே இதன் பொருள். முதல் வானூர்தி தாமதமாக வரக்கூடும் என்பதோ, முதியவர்களும் குழந்தைகளும் மெதுவாக நடப்பர் என்பதோ இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

நேரக் கணக்கு

பயணச்சீட்டில் காணப்படும் இடைத்தங்கல் நேரம் முழுவதும் பயணிக்குக் கிடைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, அதிகாலை 4.00 மணிக்கு வந்து சேர்ந்து, 5.15 மணிக்கு வேறொரு நாட்டுக்குப் புறப்படும் 75 நிமிட இணைப்பைக் கருதுவோம்.

- 4.00: அட்டவணைப்படி வந்து சேரவேண்டிய நேரம்
- 4.15: 15 நிமிடத் தாமதத்துடன் வானூர்தி வாயிலை அடைகிறது
- 4.30: பின்வரிசைப் பயணி வெளியே வருகிறார்
- 4.45: இடைநிலையப் பாதுகாப்புச் சோதனை முடிகிறது
- 4.55: அடுத்த வாயிலை நடந்து அடைகிறார்
- 4.55: புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னர் வாயில் மூடப்படுகிறது
- 5.15: அட்டவணைப்படி புறப்படவேண்டிய நேரம்

இக்கணக்கில் மீதமுள்ள நேரம் சுழியம் ஆகும். 75 நிமிடங்களில் 20 நிமிடங்கள் வாயில் மூடலுக்கும், 15 நிமிடங்கள் மிகச் சாதாரணமான ஒரு தாமதத்துக்கும் சென்றுவிட்டன. முன்வரிசை இருக்கை இதில் சுமார் 10 நிமிடங்களை மீட்டுத்தரும். ஆகவே குறுகிய இணைப்பில் இருக்கைத் தேர்வுக்குச் செலுத்தும் சிறு தொகை பயனற்றதன்று.

தனித்தனிச் சீட்டுகளில் செல்வோருக்கு இக்கணக்கு முற்றிலும் வேறானது. அவர் குடிவரவுச் சோதனையைக் கடந்து, உடைமைகளைப் பெற்று, சுங்கத்தைக் கடந்து வெளியே வந்து, மீண்டும் பயணப் பதிவு செய்யவேண்டும். பன்னாட்டுப் பறப்புகளுக்கான பயணப் பதிவு வழக்கமாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்கள் முன்னரே மூடப்படுகிறது. எனவே அவருக்கு முடிவுக் கோடு வாயில் மூடும் நேரமன்று, பதிவு மூடும் நேரமே ஆகும்.

ஒரே சீட்டும் தனித்தனிச் சீட்டுகளும்

ஒரே பயணச்சீட்டில் பதியப்பட்ட பயணத்தில், முதல் பறப்பின் தாமதத்தால் இணைப்பு தவறினால், பயணியைச் சேருமிடம் வரை கொண்டுசேர்க்கும் கடமை வானூர்தி நிறுவனத்துக்கு உண்டு. அடுத்துக் கிடைக்கும் பறப்பில் கூடுதல் கட்டணமின்றி இடம் அளிக்கப்படும். இரு பறப்புகளையும் வெவ்வேறு நிறுவனங்கள் இயக்கினாலும், அவற்றுக்கிடையே ஒப்பந்தம் இருந்து ஒரே சீட்டு வழங்கப்பட்டிருந்தால் இது பொருந்தும். உடைமைகளும் பொதுவாக இறுதிச் சேருமிடத்துக்கே குறியிடப்படும்.

தனித்தனிச் சீட்டுகளில் இரண்டாம் நிறுவனத்தின் பார்வையில் பயணி உரிய நேரத்தில் வரத் தவறியவர் ஆவார். அச்சீட்டு பெரும்பாலும் பயனற்றுப் போகும். திரும்பி வருவதற்கான பகுதியும் அதே சீட்டில் இருந்தால் அதுவும் இரத்தாகலாம். கடைசி நேரத்தில் வாங்கப்படும் புதிய சீட்டின் விலை, தனித்தனியாக வாங்கியதால் மிச்சமான தொகையைப் போலப் பல மடங்காக இருப்பதுண்டு.

இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. ஒரே சீட்டின் பகுதிகளை வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும். மதுரை–சென்னை–சிங்கப்பூர் எனச் சீட்டு வாங்கிய ஒருவர், மதுரையிலிருந்து தொடர்வண்டியில் தாம்பரம் வந்து இறங்கி, சென்னையில் மட்டும் வானூர்தி ஏற முயன்றால், முதற்பகுதியைப் பயன்படுத்தாத காரணத்தால் எஞ்சிய பகுதிகள் இரத்து செய்யப்பட்டிருக்கும். திட்டம் மாறினால் முன்கூட்டியே நிறுவனத்துக்குத் தெரிவித்துச் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உள்நாட்டுப் பறப்பைத் தனிச்சீட்டில் வாங்கி, அதனைப் பன்னாட்டுப் பறப்புடன் தாமே இணைத்துக்கொள்வது இந்தியாவில் பரவலான வழக்கமாகும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், வானோடிகளின் பணிநேர விதிகள் மாறியதைத் தொடர்ந்து இண்டிகோ நிறுவனம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்து செய்தது. உள்நாட்டுப் பறப்பு இரத்தானால் அதன் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் தனிச்சீட்டில் இருந்த பன்னாட்டுப் பறப்பின் இழப்பு அதில் அடங்காது.

சென்னை வானூர்தி நிலையத்தில் இணைப்பு

முனையங்கள்

சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையம் மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் பகுதிகளில் ஜி.எஸ்.டி சாலையை ஒட்டி அமைந்துள்ளது. இதன் மூன்றெழுத்துக் குறியீடு எம்.ஏ.ஏ ஆகும். முன்னர் உள்நாட்டு முனையம் காமராசர் பெயராலும், பன்னாட்டு முனையம் அண்ணா பெயராலும் அறியப்பட்டன. 2023 ஏப்ரல் 8 அன்று புதிய ஒருங்கிணைந்த முனையக் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. பன்னாட்டுப் பறப்புகள் இரண்டாம் முனையத்திலிருந்தும், உள்நாட்டுப் பறப்புகள் ஒன்றாம், நான்காம் முனையங்களிலிருந்தும் இயக்கப்படுகின்றன.

முனையங்கள் அருகருகே இருப்பதால் நடக்கும் தொலைவு பெரிதன்று. நேரத்தை எடுத்துக்கொள்வன சோதனைகளே. உள்நாட்டுப் பறப்பில் தனிச்சீட்டுடன் வந்தவர் உடைமைகளைப் பெற்று வெளியேறி, இரண்டாம் முனைய வாயிலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரிடம் கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் காட்டி மீண்டும் நுழையவேண்டும். பின்னர் பயணப் பதிவு, குடிவரவு, பாதுகாப்புச் சோதனை ஆகியவை தொடரும். சென்னையின் பன்னாட்டுப் புறப்பாடுகளில் பெரும்பகுதி இரவிலும் அதிகாலையிலும் அமைந்திருப்பதால், அந்நேரங்களில் வரிசைகள் நீளும்.

வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவுக்குள் மேலும் பயணம் செய்வோர், பொதுவாக முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே குடிவரவுச் சோதனையை முடிக்க வேண்டும். உடைமைகளையும் பல வேளைகளில் அங்கேயே பெற்று, சுங்கத்தைக் கடந்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். உடைமை இறுதி இடம்வரை செல்லுமா என்பதைப் புறப்படும் நிலையத்திலேயே கேட்டறிவது நன்று.

இந்தியக் குடிமக்களுக்கும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை உடையோருக்கும் தானியங்கிக் கதவுகள் வழியாக விரைவுக் குடிவரவு வசதி அளிக்கும் திட்டம் 2024 சூன் மாதம் தில்லியில் தொடங்கப்பட்டது. 2025 சனவரியில் சென்னை உள்ளிட்ட ஏழு நிலையங்களுக்கு விரிவாக்கப்பட்டது. இதற்கு இணையத்தில் முன்பதிவு செய்து, கைரேகை முதலிய உயிரளவைத் தரவுகளை அளித்திருக்க வேண்டும்.

தாம்பரம் வழியான தரைவழி இணைப்பு

தென்மாவட்டங்களிலிருந்து வரும் பயணியின் முதல் இணைப்பு வானில் அன்றித் தாம்பரத்தில் தொடங்குகிறது. மதுரை, திருநெல்வேலி, திருச்சி ஆகிய ஊர்களிலிருந்து வரும் தொடர்வண்டிகள் பல தாம்பரத்தில் நிற்கின்றன. அங்கிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் புறநகர் வண்டியில் தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகியவற்றை அடுத்து நான்காவது நிலையமாக வருவது திரிசூலம். வானூர்தி நிலையம் இதன் எதிர்ப்புறம், ஜி.எஸ்.டி சாலைக்கு அப்பால் உள்ளது. எழும்பூர் வரை சென்று திரும்புவதைவிடத் தாம்பரத்தில் இறங்குவது நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும்.

எனினும் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்:

- நள்ளிரவுக்குப் பின் அதிகாலை 4 மணியளவு வரை புறநகர் வண்டிகள் பெரும்பாலும் இயங்குவதில்லை.
- பராமரிப்புப் பணிக்காக, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைகளில், கடற்கரை–தாம்பரம் தடத்தில் சேவைகள் இரத்து செய்யப்படுவதுண்டு.
- வானூர்தி நிலையத்துக்கான மெட்ரோ சேவை 2016 செப்டம்பரில் தொடங்கியது. இது நகரின் திசையிலிருந்து வருவோருக்கே பயன்படும். தாம்பரத்துக்கு மெட்ரோ இல்லை.
- 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டப் பேருந்துகளின் பயணிகள் அங்கு இறங்கி மாறவேண்டியுள்ளது.
- பொங்கல், தீபாவளி விடுமுறைகள் முடிந்து மக்கள் நகருக்குத் திரும்பும் நாட்களில் வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் இடையே ஜி.எஸ்.டி சாலையில் நெரிசல் மிகும்.

தொடர்வண்டியின் தாமதத்துக்கு வானூர்தி நிறுவனம் எவ்வகையிலும் பொறுப்பாகாது. கணக்கின்படி இதுவும் ஒரு தன்மாற்றமே. எனவே அதிகாலைப் பறப்புக்கு அதே இரவில் வரும் வண்டியை நம்பாமல், முதல்நாளே தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவோர் பலர்.

வானிலை இடையூறுகள்

அடையாறு ஆறு வானூர்தி நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையின் கீழாகச் செல்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையில் ஓடுபாதையும் வானூர்தி நிறுத்துமிடமும் நீரில் மூழ்கி நிலையம் மூடப்பட்டது. பல நாட்களுக்குப் பின்னரே வழமையான சேவைகள் திரும்பின. இடைப்பட்ட நாட்களில் அரக்கோணத்திலுள்ள இராசாளி கடற்படை வானூர்தித் தளத்திலிருந்து பயணிகள் ஏற்றிச் செல்லப்பட்டனர். மிக்சாம் புயலின்போது 2023 டிசம்பர் 4 அன்றும், பெஞ்சல் புயலின்போது 2024 நவம்பர் 30 அன்றும் நிலையம் மீண்டும் மூடப்பட்டது.

போகிப் பண்டிகையன்று பழைய பொருட்களை எரிப்பதால் எழும் புகை, சனவரி மாதப் பனிமூட்டத்துடன் சேர்ந்து அதிகாலைப் பார்வைத் தெளிவைக் குறைக்கிறது. 2018 சனவரி 13 போகியன்று சென்னைக்கு வந்த பல வானூர்திகள் பெங்களூர், ஐதராபாத் முதலிய இடங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அக்டோபர் முதல் சனவரி நடுப்பகுதி வரையிலான காலத்தில் சென்னை வழியாக இணைப்பு வைத்துக்கொள்வோர் கூடுதல் நேரம் விடுவது ஏற்றது.

இடைநிலை நாடுகளின் நடைமுறைகள்

இடைத்தங்கல் நேரம் போதுமானதா என்பது அந்நாட்டு விதிகளையும் பொறுத்தது.

அமெரிக்க ஐக்கிய நாடு: இங்கு வெளிநாட்டுப் பயணிகளுக்கெனத் தனித்த இடைவழிப் பகுதி பொதுவாக இல்லை. வேறு நாட்டுக்குச் செல்லும் வழியில் வானூர்தி மாறுவோருக்கும் விசா வேண்டும். முதலில் இறங்கும் நகரிலேயே குடிவரவை முடித்து, உடைமைகளைப் பெற்றுச் சுங்கத்தைக் கடந்து, மீண்டும் ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கு உட்படவேண்டும். புதிய மாணவர்கள் சேரும் ஆகத்து மாதத்தில் வரிசை நீளும். எனவே இங்கு இரண்டு மணிநேர இணைப்பும் குறுகியதே ஆகும்.

அபுதாபி: 2014 முதல் இங்கு அமெரிக்கக் குடிவரவு, சுங்கச் சோதனைகள் புறப்படும் முன்னரே நடத்தப்படுகின்றன. சென்னையிலிருந்து அபுதாபி வழியாக அமெரிக்கா செல்வோர் அங்கு இறங்கும்போது உள்நாட்டுப் பயணிபோல வெளியேறலாம். ஆனால் இச்சோதனைக்கான நேரத்தை அபுதாபி இடைத்தங்கலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மிச்சமாவது இங்கு செலவாகிறது.

கோலாலம்பூர்: இங்கு இரண்டு முனையங்கள் தனித்தனியே உள்ளன. மலேசியா ஏர்லைன்சு ஒன்றாம் முனையத்தையும், ஏர்ஏசியா இரண்டாம் முனையத்தையும் பயன்படுத்துகின்றன. இடையே தொடர்வண்டி சில நிமிடங்களில் சென்றுவிடும். ஆயினும் தனிச்சீட்டில் முனையம் மாறுவோர் மலேசியாவுக்குள் முறைப்படி நுழைந்தே செல்லவேண்டும். நிலப்படத்தில் காணும் அண்மை இங்கு ஏமாற்றக்கூடியது.

சிங்கப்பூர்: ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய முனையங்கள் பாதுகாப்புப் பகுதிக்குள்ளேயே இரயிலால் இணைக்கப்பட்டுள்ளன. நான்காம் முனையத்துக்குப் பேருந்தில் செல்லவேண்டும். ஒரே சீட்டில் உடைமைகள் இறுதிவரை குறியிடப்பட்டிருந்தால், இடைவழிப் பகுதியை விட்டு வெளியேறத் தேவையில்லை.

விசா விதிகள் அடிக்கடி மாறுவன. இடைவழிப் பகுதியில் மட்டும் காத்திருப்பதற்கும் சில நாடுகள் சில நாட்டவரிடம் தனி விசா கேட்கின்றன. தன்மாற்றப் பயணத்தில் உடைமையைப் பெற வெளியே வரவேண்டியிருப்பதால், முழு நுழைவு விசாவே தேவைப்படலாம். அது இல்லாதவருக்குச் சென்னையிலேயே போர்டிங் பாஸ் மறுக்கப்படும்.

பாதுகாப்புச் சோதனையும் தாமதத்துக்குக் காரணமாகிறது. 2006 முதல் கைப்பையில் 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் நீர்மங்களுக்குப் பெரும்பாலான நாடுகள் தடை விதித்துள்ளன. ஊறுகாய், நெய், தொக்கு ஆகியவையும் இவ்வகையிலேயே சேர்க்கப்படுகின்றன. குறுகிய இணைப்பில் பையைத் திறந்து சோதிக்க ஆகும் பத்து நிமிடங்கள் விலை மிக்கவை.

பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

- சீட்டு எண் ஒன்றா, இரண்டா என்பதைச் சரிபார்க்க வேண்டும்.
- நேரங்கள் அந்தந்த ஊரின் நேரப்படி குறிக்கப்படும். துபாய் இந்திய நேரத்துக்கு 1 மணி 30 நிமிடம் பின்னும், சிங்கப்பூர் 2 மணி 30 நிமிடம் முன்னும் உள்ளன.
- "12 ஆம் நாள் அதிகாலை 1.30" என்றால் 11 ஆம் நாள் இரவே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். ஒருநாள் பிந்தி நிலையத்துக்கு வருவோர் இன்றும் உளர்.
- பயணப் பதிவின்போது இரு பறப்புகளுக்குமான போர்டிங் பாசைக் கேட்டுப் பெறவேண்டும். உடைமையில் ஒட்டப்படும் சீட்டில் இறுதி நிலையத்தின் குறியீடு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
- சான்றிதழ்கள், மாணவர் விசாவுக்குரிய ஐ-20 படிவம், மருந்துகள், ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பயணி இணைப்பைப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காமல் போகலாம்.
- பல நிலையங்களில் பொது அறிவிப்புகள் செய்யப்படுவதில்லை. வாயில் எண்ணைத் திரையில் பார்த்தறிய வேண்டும்.
- நாளில் ஒரே ஒரு பறப்பு உள்ள ஊருக்குச் செல்வோர் நீண்ட இணைப்பைத் தேர்வது நல்லது. தவறினால் அடுத்த வாய்ப்பு மறுநாளே கிடைக்கும்.
- சேரவேண்டிய நாள் கட்டாயமானதாக இருப்பின், ஒருநாள் முன்னதாகச் சேரும்படி திட்டமிட வேண்டும். கல்லூரியில் பதிய வேண்டிய இறுதி நாளும், பணி விசாவில் நுழையவேண்டிய இறுதி நாளும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இணைப்பு தவறும்போது

முதல் வானூர்தி தாமதமாவது தெரிந்தவுடன் பணிப்பெண்ணிடம் அடுத்த பறப்பைப் பற்றித் தெரிவிக்கலாம். முன்னே அமரவும் முதலில் இறங்கவும் சில வேளைகளில் வழி செய்யப்படும். ஒரே பறப்புக்குப் பலர் மாறவேண்டியிருந்தால், நிறுவனம் அவர்களை அழைத்துச் செல்ல ஆள் அனுப்புவதும், சில நிமிடங்கள் காத்திருப்பதும் உண்டு.

தவறிவிட்டால், வெளியேறும் வாயிலுக்குச் செல்லாமல், இடைவழிப் பகுதிக்குள் உள்ள மாற்றுப் பயண மேசைக்குச் செல்லவேண்டும். வரிசையில் நிற்கும்போதே நிறுவனத்தின் செயலியிலோ தொலைபேசியிலோ மாற்றுப் பறப்பைக் கேட்கலாம். உணவு, தங்குமிடம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் பெறுவதும், போர்டிங் பாசையும் செலவுச் சீட்டுகளையும் பாதுகாப்பதும் பின்னர் உரிமை கோர உதவும். உடைமை வராவிடில் சுங்கப் பகுதியை விட்டு வெளியேறும் முன்னரே முறைப்பாட்டுப் படிவம் பதியவேண்டும்.

சட்டப் பாதுகாப்பு

1999 ஆம் ஆண்டின் மொன்ரியல் உடன்படிக்கை பன்னாட்டு வானூர்திப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கிறது. இந்தியா 2009 இல் இதில் இணைந்தது. இதன் 19 ஆம் பிரிவின்படி, தாமதத்தால் ஏற்படும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பாகும். தவிர்ப்பதற்கான நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாக மெய்ப்பித்தால் விலக்கு உண்டு. தாமதத்துக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 சிறப்பு எடுப்பு உரிமைகள் ஆகும். உடைமைகளுக்கான வரம்பு 1,519 ஆகும். இவை தானாகக் கிடைக்கும் தொகைகள் அல்ல. பயணி தம் இழப்பை மெய்ப்பிக்க வேண்டும். பிந்தி வந்த உடைமைக்கு 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குத் தொடரக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

இந்தியாவில் பொது வானூர்தி இயக்ககத்தின் விதிகள், பறப்பு இரத்து, நீண்ட தாமதம் ஆகியவற்றின்போது உணவும், சில நிலைகளில் தங்குமிடமும் அளிக்கப் பணிக்கின்றன. உரிய முன்னறிவிப்பின்றி இரத்தானாலோ, இரத்தின் காரணமாக ஒரே சீட்டு எண்ணில் பதிந்த இணைப்பு தவறினாலோ, பறப்பின் நேரத்துக்கேற்ப 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. புயல், வெள்ளம் போன்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழல்களில் இவ்விழப்பீடு பொருந்தாது. "ஒரே சீட்டு எண்" என்னும் நிபந்தனை இங்கும் இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது. முறைப்பாடுகளை நடுவண் அரசின் ஏர்சேவா தளத்தில் பதியலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டின் 261 ஆம் ஒழுங்குவிதி, ஐரோப்பாவிலிருந்து புறப்படும் பறப்புகளுக்கும், ஐரோப்பிய நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு இயக்கும் பறப்புகளுக்கும் பொருந்தும். 2013 பெப்ரவரியில் தீர்ப்பளிக்கப்பட்ட போல்கெர்ட்சு வழக்கில், செருமனியின் பிரேமனிலிருந்து பாரிசு, சாவோ பாவுலோ வழியாகப் பரகுவாய் சென்ற பயணியின் முதல் பறப்பு சுமார் இரண்டரை மணிநேரமே தாமதமானது. இணைப்புகள் தவறியதால் அவர் 11 மணிநேரம் பிந்திச் சேர்ந்தார். புறப்பாட்டுத் தாமதத்தைவிட இறுதிச் சேருமிடத்தை அடைந்த நேரமே கணக்கிடத்தக்கது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் பறப்பின் சிறு தாமதம் இணைப்பில் பெருகும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட நிகழ்வாக இது கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையம்
- திரிசூலம் தொடருந்து நிலையம்
- தாம்பரம்
- மொன்ரியல் உடன்படிக்கை
- கடவுச்சீட்டு
- 2015 தென்னிந்திய வெள்ளம்